கியெனகாத்தி மூட்டை

காப்பி விவசாயத்தில் ஒரு மூட்டைக்கு மூன்று எடை உண்டு. மெக்சிகோ கணக்கில், செடியிலிருந்து பறித்த பழமாக நிறுத்தால் 245 கிலோ. அந்தப் பழத்தைத் தோலுரித்து, ஊறப்போட்டு, வழுவழுப்புப் போகக் கழுவி, வெயிலில் காயவைத்தால் ஓட்டோடு 57.5 கிலோ. அந்த மெல்லிய ஓட்டையும் ஆலையில் உடைத்துவிட்டால் மிஞ்சும் பச்சைக்கொட்டை 46 கிலோ. மூன்றையும் அங்கே ஒரு குயின்டால் என்றுதான் சொல்கிறார்கள். மிச்ச இருநூறு கிலோ எங்கே போயிற்று என்று கேட்டால், தோலும் தண்ணீரும் என்று பதில் வரும். அது முக்கால் உண்மை. பல காலம் கொஞ்சத்தைத் தராசும் தின்றது.

நான் பின்தொடரும் மூட்டைக்குச் சொந்த ஊர் சாந்தா மரியா கியெனகாத்தி. மெக்சிகோவின் தெற்கே, வஹாக்கா மாநிலத்தில், இரண்டு பெருங்கடல்களும் ஒன்றையொன்று நெருங்கி வரும் தெவான்தெபெக் நிலச்சந்திக்கு மேலே உள்ள மலைப்பகுதி. சபோதெக், மிஹே, சோந்தால் மக்களின் நாடு. ஒரு குடும்பத்துக்கு இரண்டு மூன்று ஹெக்டேர் காப்பி. சாப்பாட்டுக்கு மக்காச்சோளமும் பயறும். தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டம் பார்த்தவர்களுக்கு இந்தச் சரிவு அந்நியமாகத் தோன்றாது. பெரிய மரங்களின் நிழல், நிழலுக்கு அடியில் காப்பி, இடையிடையே வாழை.

டிசம்பரிலிருந்து மார்ச் வரை பறிப்பு. ஒரே கொத்தில் பச்சையும் மஞ்சளும் சிவப்பும் கலந்தே இருக்கும். சிவப்பை மட்டும் கிள்ளி எடுத்துவிட்டு, சில நாள் கழித்து அதே செடிக்கு மறுபடி வரவேண்டும். அன்று பறித்ததை அன்றே பல்பர் என்ற உரிக்கும் கருவியில் போட்டுக் கையால் சுற்றி உரித்தாக வேண்டும். விட்டால் குவியலுக்குள்ளேயே சூடேறி நாறிவிடும். பிறகு தொட்டியில் ஒரு நாள் போல ஊறும். கழுவிய கொட்டையை முற்றத்தில் பரப்பினால் வீட்டில் ஒருவர் வானத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மழை பிடித்தால் அந்த வருஷம் போச்சு. நெல் காயவைக்கும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இத்தனையும் முடிந்த பிறகு மூட்டை வாசலுக்கு வரும். வாசலில் கொயோட்டே நிற்பான்.

கொயோட்டே என்பது ஓநாய் இனத்தைச் சேர்ந்த, நரியைவிடச் சற்றுப் பெரிய ஒரு மிருகம். மெக்சிகோ விவசாயிகள் தரகருக்கு வைத்த பெயரும் அதுவே. நம் ஊரில் 'கமிஷன் மண்டிக்காரர்' என்று மரியாதையாகச் சொல்வதை அவர்கள் நேரடியாகச் சொல்லிவிட்டார்கள். ஆனால் கொயோட்டேயை வெறும் வில்லனாக வரைந்தால் கதை புரியாது. தார்ச்சாலை இல்லாத மலைக்குக் கழுதையோடு ஏறி வந்தவன் அவன்தான். மே, ஜூன் மாதங்களில் வீட்டில் சோளம் தீர்ந்தபோது கடன் கொடுத்தவனும், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் காசு நீட்டியவனும் அவன். கடனுக்கு ஈடு, வரப்போகும் அறுவடை. ஆகவே விலை பேசும் நேரம் வரும்போது பேச ஒன்றும் மிஞ்சியிருக்காது. ஈரம் இருக்கிறது என்று கொஞ்சம் கழிப்பான், கறுப்புக்கொட்டை என்று கொஞ்சம் கழிப்பான், தராசு அவனுடையது. நியூயார்க் சந்தையில் அன்று காப்பி என்ன விலை என்பது அவனுக்குத் தெரியும். எதிரில் நின்றவருக்கு நியூயார்க்கில் அப்படி ஒரு சந்தை இருப்பதே தெரியாது.

அரசு இல்லாமலில்லை. 1958-ல் தொடங்கிய மெக்சிகோ காப்பி நிறுவனம் நாற்று கொடுத்தது, கொள்முதலும் செய்தது. அதன் காரியங்கள் நம்முடைய நேரடிக் கொள்முதல் நிலையங்களை நினைவூட்டும்; மூட்டையோடு காத்திருப்பதும் சேர்த்து. 1989-ல் அதைக் கலைக்கத் தொடங்கினார்கள்.

1980களின் தொடக்கத்தில் தெவான்தெபெக் மறைமாவட்டத்தில் ஆயராக இருந்தவர் ஆர்துரோ லோனா ரெயெஸ். ஏழைகளின் பக்கம் நிற்பதே வேதம் என்று நம்பிய தலைமுறையைச் சேர்ந்தவர். அவர் அனுப்பிய குழுவில் பிரான்ஸ் வான் டெர் ஹொஃப் என்ற டச்சுப் பாதிரியார் இருந்தார். விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர், சிலியில் வேலை செய்தவர், 1973-ல் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தபின் மெக்சிகோவுக்கு வந்தவர். இந்தக் கிராமங்களில் கூடி உட்கார்ந்தவர்கள் முதலில் செய்த காரியம் கணக்குப் போட்டது. வருஷம் முழுக்க எத்தனை நாள் வேலை, என்ன செலவு, மூட்டைக்கு என்ன கிடைத்தது. கணக்கு போட்டு முடித்தபோது, காப்பி வளர்ப்பதற்காக நாமே காசு கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று தெரிந்தது.

1983-ல் நிலச்சந்திப் பகுதிப் பூர்வகுடிச் சமூகங்களின் ஒன்றியம் பதிவானது. ஸ்பானிய முதலெழுத்துகளைச் சேர்த்து 'உசிரி' என்பார்கள். ஊருக்கு ஊர் பேராளர்கள், மாதாந்தரக் கூட்டம், சொந்தத் தராசு, சொந்த லாரி. இந்த லாரியைத் தரகர்கள் மன்னிக்கவில்லை. மிரட்டல் வந்தது, கொலைகளும் நடந்தன. ஐரோப்பியக் கடையில் அழகான பொட்டலத்தில் காப்பி வாங்குபவருக்கு இந்த அத்தியாயத்தை யாரும் சொல்வதில்லை. பச்சை இலைப் படத்துக்கு அது பொருந்தாது போலும்.

சங்கத்தின் முதல் வெளிநாட்டு வாடிக்கையாளர்களில் ஒன்று ஜெர்மனியின் கெபா. 1975 முதல் மூன்றாம் உலகப் பொருள்களை வாங்கி விற்றுவந்த அமைப்பு. ஆனால் அந்தக் காப்பி விற்ற இடங்கள் தேவாலய வாசல்களும் தன்னார்வலர்கள் நடத்திய சிறு கடைகளும். வாங்கியவர்கள் ஏற்கெனவே மனம் மாறியவர்கள். அந்தக் கடைகளின் காப்பிச் சுவையைப் பற்றி அந்தக் காலத்தில் வந்த கேலிகளும் உண்டு. மலையில் குவிந்த மூட்டைகளுக்கு அந்த வாசல்கள் போதவில்லை.

1985-ல் வான் டெர் ஹொஃப் நெதர்லாந்தில் நீகோ ரோசன் என்பவரைச் சந்தித்தார். ரோசன் சொலிடாரிடாட் என்ற தேவாலயச் சார்பு உதவி அமைப்பில் இருந்தார். பாதிரியார் கொண்டுவந்த செய்தியில் நன்றி குறைவு, கணக்கு அதிகம். நன்கொடை வேண்டாம், காப்பிக்கு ஒழுங்கான விலை கொடுத்தால் நன்கொடைக்கே வேலையில்லை. அப்படியானால் காப்பி சாதாரணக் கடையில், சாதாரணக் காப்பிகளுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். முதலில் புதிய வணிகப் பெயர் ஒன்றைத் தொடங்க நினைத்து, பிறகு முத்திரையில் வந்து நின்றார்கள். விதிகளுக்கு உட்பட்டு வாங்கும் எந்த வறுப்பாலையும் அந்த முத்திரையை ஒட்டிக்கொள்ளலாம். 1988 நவம்பர் 15 அன்று முதல் பொட்டலம் நெதர்லாந்தின் இளவரசர் கிளாஸ் கையில் கொடுக்கப்பட்டது. முத்திரையின் பெயர் மாக்ஸ் ஹவெலார்.

இங்கே மூட்டையைக் கொஞ்ச நேரம் இறக்கி வைக்கலாம். மாக்ஸ் ஹவெலார் ஒரு நாவலின் நாயகன். ஜாவாத் தீவில் டச்சு அதிகாரியாக இருந்து, குடியானவர்கள் கசக்கப்படுவதைக் கண்டு வேலையை விட்ட எடுவர்ட் டவ்வஸ் டெக்கர், முல்தாதூலி என்ற புனைபெயரில் 1860-ல் எழுதியது. ஜாவா விவசாயி தன் நிலத்தில் ஒரு பகுதியை அரசு கேட்கும் பயிருக்கு ஒதுக்க வேண்டும் என்று 1830-ல் டச்சுக்காரர்கள் கொண்டுவந்த முறையை அந்த நாவல் தோலுரித்தது. அந்தப் பயிர்களில் முக்கியமானது காப்பி. ஜாவாவுக்குக் காப்பிச் செடி போனது நம் மலபார்க் கரையிலிருந்து, 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில், டச்சுக் கப்பலில். ஜாவாவிலிருந்து ஆம்ஸ்டர்டாம் தாவரத் தோட்டத்துக்கு வந்த செடியின் வாரிசை 1714-ல் பதினான்காம் லூயி மன்னருக்குப் பரிசளித்தார்கள். பாரிஸிலிருந்து கரீபியன் கடலின் மார்தினிக் தீவுக்குப் போன கன்று அமெரிக்கக் கண்டமெங்கும் பெருகியது. 'திபிகா' என்ற அந்தப் பழைய வகைதான் வஹாக்கா மலைகளில் இன்றும் நிற்கிறது. கியெனகாத்தி மூட்டையின் பாட்டி மலபாரில் இருந்தாள் என்று சொன்னால் அது அலங்காரம் ஆகாது.

இன்னொரு சொந்தமும் உண்டு, அது துக்கத்தில் வந்தது. 1869-ல் இலங்கையின் காப்பித் தோட்டங்களில் இலையின் அடிப்பக்கம் ஆரஞ்சு நிறப் பொடி பூத்தது. அதுதான் இலைத்துரு. தமிழ்நாட்டிலிருந்து நடந்தும் கப்பலேறியும் போன கூலிகள் உருவாக்கிய காப்பித் தோட்டங்கள் இருபது வருஷங்களில் அழிந்தன; அதே மலைகளில் தேயிலை வந்தது, அதே மக்கள் தேயிலைக்கு மாறினார்கள். அந்தப் பூஞ்சை 1970-ல் பிரேசிலிலும் 1981-ல் மெக்சிகோவிலும் கால்வைத்தது. கியெனகாத்திக்கு அது மறுபடி வரும்.

இப்போது விலை. தமிழில் 'நியாய விலை' என்றால் நமக்கு ரேஷன் கடைதான் நினைவுக்கு வரும். அங்கே நியாயம் வாங்குபவருக்கு. இந்த முத்திரை சொல்லும் நியாய வணிகம் என்ற சொல்லில் நியாயம் விற்பவர் பக்கம் திரும்பி நிற்கிறது. அதன் இயந்திரம் நம் நெல்லுக்கான குறைந்தபட்ச ஆதரவு விலைக்கு ஒன்றுவிட்ட தம்பி. சந்தை எவ்வளவு விழுந்தாலும் இதற்குக் கீழே வாங்கக் கூடாது என்று ஒரு தரைவிலை. சந்தை அதற்கு மேலே போனால் சந்தை விலை. இரண்டிலும் மேலே பவுண்டுக்கு இத்தனை சென்ட் என்று ஊர்ப்பணம். அதை என்ன செய்வது என்று சங்கத்தின் பொதுக்கூட்டம் தீர்மானிக்கும். இவை தவிர, சங்கம் கேட்டால் வாங்குபவர் ஒப்பந்தத் தொகையில் 60 சதவீதம் வரை முன்பணம் கொடுக்க வேண்டும். முன்பணம் வந்தால் கொயோட்டேயின் கடன் தேவைப்படாது. என்னைக் கேட்டால் தரைவிலையைவிட இந்த விதிதான் கெட்டிக்காரத்தனமானது. விளம்பரங்களில் இதைக் காண முடியாது.

முத்திரை பிறந்த நேரமும் அப்படி. 1989 ஜூலையில் சர்வதேசக் காப்பி ஒப்பந்தத்தின் ஏற்றுமதி ஒதுக்கீட்டு முறை முறிந்தது. நாடுகள் கையிருப்பைச் சந்தையில் கொட்டின. பவுண்டுக்கு ஒரு டாலருக்கு மேல் இருந்த விலை 1992-ல் 50 சென்ட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அதே 1989-ல் மெக்சிகோவில் அரசு நிறுவனமும் கைவிட்டதால் ஓர் அறுவடைக்குள் தலைக்கு மேலே கூரையும் காலுக்குக் கீழே தரையும் சேர்ந்தே போயின. 2001-ல் இன்னும் மோசம். 50 சென்ட்டுக்கும் கீழே. அப்போது முத்திரைக் காப்பியின் விலை ஊர்ப்பணம் சேர்த்து 1.26 டாலர். இரண்டு மடங்குக்கும் மேல். மத்திய அமெரிக்காவில் பழத்தைச் செடியிலேயே அழுக விட்டு ஊரைவிட்டுப் போன அந்த வருஷங்களில் இந்த வித்தியாசம்தான் பலருக்குச் செடியைக் காப்பாற்றியது.

ஊருக்கு என்ன வந்தது? உசிரியின் ஊர்களில் பேருந்து வந்தது, சங்கமே நடத்தியது. மண்வெட்டியும் பல்பர் உதிரியும் கிடைக்கும் கடை வந்தது. இளைஞர்களுக்கு இயற்கை விவசாயம் கற்றுக்கொடுக்கும் பள்ளி வந்தது. மண் அரிக்காமல் சரிவில் வரப்புக் கட்டினார்கள். முன்பு ஆற்றில் கொட்டிய பழத்தோலை மட்கவைத்து வேருக்குப் போட்டார்கள். அந்த வேலைகளுக்கு அவர்களிடம் பழைய வழக்கம் ஒன்று தயாராக இருந்தது. தெகியோ என்பார்கள். வீட்டுக்கு ஓராள் ஊர்க் காரியத்துக்கு வரவேண்டும், கூலி கிடையாது. குடிமராமத்து என்று நாம் சொல்வோம். நம்மிடம் அது சொல்லாக மிஞ்சியது, அவர்களிடம் வேலையாக மிஞ்சியது.

ஆனாலும் பணக்கார ஊர் எதுவும் உருவாகவில்லை. டேனியல் ஜாஃபி என்ற சமூகவியலாளர் வஹாக்காவின் வேறொரு மலைப்பகுதியில், முத்திரைக்கு விற்ற மிசிசா கூட்டுறவுக் குடும்பங்களையும் தரகருக்கு விற்ற பக்கத்து வீட்டாரையும் ஒப்பிட்டு 2007-ல் நூலாக எழுதினார். சங்கத்துக் குடும்பங்களுக்குக் கடன் குறைவு, சாப்பாடு கொஞ்சம் நன்று, வீட்டில் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் இயற்கைக் காப்பிக்கு வேலை அதிகம், ஆள் வைக்க வேண்டியிருந்தது, கூடுதல் வருமானத்தில் ஒரு பங்கு கூலியாகப் போயிற்று. பலரும் வறுமைக்கோட்டைத் தாண்டவில்லை. பிள்ளைகள் அமெரிக்காவுக்குப் போவதும் நிற்கவில்லை.

காரணத்தை மூட்டையிலேயே காட்டிவிடலாம். 46 கிலோ என்பது சுமார் 101 பவுண்டு. 2023 ஆகஸ்டில் கழுவிய அரபிகாவின் தரைவிலையைப் பவுண்டுக்கு 1.80 டாலராக உயர்த்தினார்கள். இயற்கை விவசாயத்துக்கு 40 சென்ட், ஊர்ப்பணம் 20 சென்ட். ஆக மொத்தம் 2.40. மூட்டைக்குத் துறைமுகத்தில் சுமார் 243 டாலர். அதிலிருந்து ஆலை, லாரி, அலுவலகம், தணிக்கைக்காரரின் கட்டணம் எல்லாம் போனபின்தான் முற்றத்துக்கு வரும். ஹெக்டேருக்கு ஐந்து மூட்டை தேறாத தோட்டங்கள் அங்கே ஏராளம். இரண்டு ஹெக்டேர் வைத்திருப்பவர் வருஷ வருமானத்தை மனக்கணக்காகவே போட்டுவிடலாம். 1990களில் பெருமையாகத் தெரிந்த அந்த 1.26, இருபது வருஷம் அநேகமாக அசையவே இல்லை. அதற்குள் டாலரின் மதிப்பு ஏறத்தாழப் பாதி தேய்ந்துவிட்டது. முத்திரையின் விதியை எழுதுபவர்கள் ஜெர்மனியின் பான் நகரில் இருந்தார்கள். மலையிலிருந்து குரல் போய்ச் சேர வருஷங்கள் ஆயின.

மூட்டை மறுபடி நகர்கிறது. மலையிலிருந்து லாரியில் இறங்கி இஸ்தெபெக் நகரத்தில் சங்கத்தின் கிடங்கு. அங்கே ஓடு உடைபடும், கறுப்பும் உடைந்ததும் பொறுக்கி எடுக்கப்படும், ஒவ்வொரு சாக்குக்கும் அடையாளம் எழுதப்படும். ஐரோப்பா போகும் சரக்குக்கு வெராக்ரூஸ் துறைமுகம். கப்பல், பிறகு ஹாம்பர்க் அல்லது பிரேமன், பிறகு வறுப்பாலை. வறுக்கும்போது ஆறில் ஒரு பங்கு எடை ஆவியாகும். 38 கிலோ தேறும் என்று வைத்துக்கொள்வோம். கோப்பைக்கு எட்டு கிராம் என்றால் நாலாயிரத்து எழுநூறு கோப்பைக்கு மேல். 243 டாலரைப் பங்கிட்டால் கோப்பைக்கு ஐந்து சென்ட். மூன்று யூரோ கொடுத்துக் குடிப்பவர், அந்த மூன்றில் கணிசமான பங்கு மலைக்குப் போகிறது என்று நினைத்துக்கொள்கிறார். முத்திரை அப்படிச் சொல்லவில்லை. அவர் அப்படி நினைப்பதை மறுக்கவும் இல்லை.

முத்திரையின் ஓரத்தில் நின்றவர்கள் யார் என்று கேட்டால் பதில் பறிக்கும் கைகள்தான். நிலமுள்ள சிறு விவசாயிக்காக எழுதப்பட்ட விதியில், அவரைவிட ஏழையான கூலியாளுக்கு இடம் சிறியது. லண்டனின் சோவாஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 2014-ல் எத்தியோப்பியா, உகாண்டா பற்றி வெளியிட்ட அறிக்கை இதை உரக்கச் சொன்னது: முத்திரை பெற்ற பகுதிகளில் கூலியாள்களின் நிலை, முத்திரை இல்லாத இடங்களைவிட மேலாக இல்லை, பல இடங்களில் மோசம். ஒப்பீடு சரியில்லை என்று முத்திரைக்காரர்கள் மறுத்தார்கள். மறுப்பில் நியாயம் கொஞ்சம் உண்டு என்றே நினைக்கிறேன். ஆனால் கேள்வி நிற்கிறது. காப்பியில் பெரிய தோட்டங்களுக்கு அந்த முத்திரை கிடையாது, தேயிலையில் உண்டு. நீலகிரியிலும் இலங்கை மலையகத்திலும் முத்திரைத் தேயிலை எடுப்பவர் தமிழ்த் தொழிலாளி. அங்கே ஊர்ப்பணத்தைத் தொழிலாளர் குழு செலவழிக்கலாம், ஆனால் நாள்கூலியை நிர்ணயிப்பது முத்திரையின் வேலை இல்லை. காப்பித் தோட்ட முதலாளிகளுக்கும் கதவைத் திறக்க வேண்டும் என்ற பிணக்கில்தான் 2011-ல் முத்திரையின் அமெரிக்க அமைப்பு அதன் சர்வதேச அமைப்பைவிட்டுப் பிரிந்தது. சிறு விவசாயிகளோ தங்களுக்கென்று தனிச் சின்னம் ஒன்றை 2006-லேயே தொடங்கியிருந்தார்கள். முத்திரை போடுபவர் மேலேயிருந்து பார்க்க, நாங்கள் கீழேயிருந்து கையெழுத்து வாங்குவதா என்பது அவர்கள் வாதம்.

2012-ல் ஆரஞ்சுப் பொடி வந்தது. முப்பது வருஷம் அடங்கிக் கிடந்த துரு மத்திய அமெரிக்காவிலும் தென் மெக்சிகோவிலும் கிளம்பியது. பழைய திபிகாவுக்கு அதை எதிர்க்கத் தெம்பில்லை. இலை கொட்டியது, கிளை காய்ந்தது, பல தோட்டங்களில் விளைச்சல் பாதிக்கும் கீழே போனது. தரைவிலை பவுண்டுக்குத்தான், பவுண்டே இல்லாதவருக்குத் தரைவிலை எதைக் காக்கும்? சில சங்கங்கள் ஊர்ப்பணத்தை நாற்றங்காலில் போட்டன. புதுக்கன்று காய்க்க மூன்று நான்கு வருஷம் ஆகும். அத்தனை நாள் காத்திருக்க முடியாதவர்கள் எங்கே போனார்கள் என்பதை அமெரிக்க எல்லையில் கேட்க வேண்டும்.

பிறகு சந்தை தலைகீழாகத் திரும்பியது. 2025 பிப்ரவரியில் நியூயார்க்கில் காப்பி பவுண்டுக்கு நான்கு டாலரைத் தாண்டியது. 1.80 என்ற தரை பாதாளத்தில் கிடந்தது. விலை ஏறும்போது சங்கங்களுக்குத்தான் ஆபத்து: குறைந்த விலைக்கு ஒப்பந்தம் போட்டுவிட்டு, உறுப்பினரிடமிருந்து மூட்டை வராமல் தவிப்பார்கள். ஏனென்றால் கொயோட்டே இன்னும் இருக்கிறான். கழுதைக்குப் பதில் பிக்அப் வண்டி, கையில் ரொக்கம். அவன் சொல்லும் விலையை முற்றத்தில் நிற்பவர் கைபேசியில் சரிபார்க்கிறார். எடையை அவன் வருவதற்கு முன்பே போட்டுப் பார்த்திருப்பார். சில மூட்டை அவனுக்கு, சில மூட்டை சங்கத்துக்கு என்று பிரிக்கும் வீடுகளும் உண்டு. சங்கத்தார் அதைத் துரோகம் என்கிறார்கள், வீட்டுக்காரம்மா அதை மருந்துச் செலவு என்கிறார்.

சங்கத்துக்குப் போகும் மூட்டைக்குப் பணம் தவணையாக வரும். கொடுக்கும்போது ஒரு பகுதி. கப்பல் போய், வறுப்பாலை பணம் அனுப்பி, வருஷக் கணக்கு முடிந்தபின் மிச்சம். அந்தக் கடைசித் தவணை மலையேறும்போது ஜெர்மனியில் அந்த மூட்டையைக் குடித்து முடித்திருப்பார்கள். கியெனகாத்தியில் கோடைமழைக்குப் பூத்த பூ உதிர்ந்து, அடுத்த மூட்டை கிளையில் பச்சைக்காயாகத் தொங்கிக்கொண்டிருக்கும்.